பந்துக்கு இடது பக்கம்

மார்ச் 3

அக்காவுக்கு,

இல்ல, இன்னும் யாரோடயும் சண்ட போடல. நீ கேக்கப்போற மொத கேள்வி அதுதான்னு தெரியும், அதனால பதில மொதல்லயே எழுதிட்டேன். வந்து ஒரு வாரம் ஓடிருச்சு, ஒருத்தன் சட்டையக்கூடப் பிடிக்கல. எனக்கே ஆச்சரியமா இருக்கு.

ஃபோன் பண்ணலயேன்னு திட்டாத. கேட்லயே ஃபோன வாங்கிப் பையில போட்டுப் பூட்டிட்டாங்க. மொத படம் வர்றதுக்கு முன்னாடியே, நீ வரையற அந்த ரோமப் பிராணி தும்மனோட உருவத்த யாரோ வெளிய விட்டுட்டாங்களாம், அதுலருந்து இந்தக் கெடுபிடி. மேனேஜர் ரூம்ல ஒரு ஃபோன் இருக்கு. பேசி முடிக்கற வரைக்கும் அவரு பக்கத்துலயே நின்னு நம்ம வாயவே பாப்பாரு. அதான் லெட்டர். இங்க எடுக்கறதெல்லாம் டிஸ்க்ல போட்டு வாரா வாரம் உங்க ஆபீசுக்குப் பெட்டியில வருதுல்ல, அந்த வண்டிக்கார அண்ணன் நல்ல மனுஷன். 'பெட்டிக்கு அடியில வை, நான் எதையும் பாக்கல'ன்னுட்டாரு.

வேலையப் பத்திச் சொல்றேன். நீ அங்க ஏசி ரூம்ல உக்காந்து தும்மன வரையற. நான் இங்க தும்மன் நிக்க வேண்டிய எடத்துல நிக்கறேன். தலையிலருந்து கால் வரைக்கும் பச்சத் துணி. கையில ஒரு கோல், கோல் நுனியில ஒரு பந்து. பந்துதான் தும்மனோட கண்ணு. நடிக்கறவங்க அந்தப் பந்தப் பாத்துப் பேசணும், சிரிக்கணும், பயப்படணும். அப்புறம் நீ என்னையும் கோலையும் பந்தையும் அழிச்சுட்டு அங்க தும்மன வச்சிருவ. காலேஜ விட்ட அன்னிக்கு அப்பா சொன்னாரே, 'இருக்கற எடம் தெரியாமப் போவடா'ன்னு. அதுவே ஒரு வேலையாம், ஆளு வச்சு செய்யறாங்கன்னு அவருகிட்ட சொல்லு. செட்டுல என் பேரு வெண்டக்கா.

ஆனா இந்த எடம் எனக்கு சரியாப் படலக்கா.

தும்மனுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்காங்க, டைரக்டர் நாற்காலிக்குப் பக்கத்துல. காலையில வர்றவங்க எல்லாரும் அதுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும். மத்தியானம் அதுக்கு ஒரு தட்டுல சாப்பாடு வைக்கறாங்க. சும்மா தமாஷுன்னு நெனச்சேன். நான் வந்த மறுநாள் கார்பென்டர் ஒருத்தர் கால் வலிக்குதுன்னு அதுல உக்காந்துட்டாரு. சாயங்காலமே அவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

எல்லாம் பாப்பாவுக்காகவாம். அலமாரியத் தெறந்து தும்மனக் கண்டுபிடிக்கற பொண்ணா நடிக்கறாளே, அவதான். மொத படத்துல அவளுக்கு அஞ்சு வயசு. தும்மன் நெஜமாவே இருக்கான்னு அவ நம்பினாத்தான் கண்ணுல அந்த வெளிச்சம் வரும்னு டைரக்டர் ஒரு சட்டம் போட்டாரு. பாப்பா முன்னாடி தும்மன் இல்லன்னு யாரும் சொல்லக்கூடாது. இப்ப அவளுக்கு ஒம்பது வயசு. சட்டம் அப்படியே இருக்கு. சொன்னவனுக்கு வேல இல்ல.

நேத்து ஒரு சீன் நடுவுல லைட் போடறவரு தும்மிட்டாரு. பாப்பா வசனத்த பாதியில நிறுத்திட்டு அப்படியே நின்னுட்டா. 'யாரு பொய் சொன்னது?'ன்னு கேட்டா. படத்துல அப்படித்தானே, யாராவது பொய் சொன்னா தும்மனுக்குத் தும்மல் வரும். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. ஒவ்வொரு மொகமாப் பாத்துட்டே வந்தா. கடைசியில பார்வ அவ அம்மா மேல போய் நின்னுச்சு. அந்தம்மா பைக்குள்ள எதையோ தேட ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொன்னு. அவ பந்தப் பாக்கறதே இல்ல. அவளுக்கு இடது பக்கமா, பந்துலருந்து ரெண்டு மூணு எட்டு தள்ளி, வெறும் காத்தப் பாக்கறா. நான் கோல நகத்திப் பாத்தேன். அவ பார்வையும் நகருது, ஆனா அதே அளவு தள்ளியே. டைரக்டர்கிட்ட சொன்னேன். 'அத ஆபீஸ்ல பாத்துக்குவாங்க'ன்னாரு. ஆபீஸ்னா நீதானே. பாத்தியா?

அம்மாவ மாடிப்படி ஏறி எறங்க விடாத.

இப்படிக்கு,
ஓட்டவாயன்


மார்ச் 9

அன்புள்ள ஓட்டைவாய்த் தம்பிக்கு,

உன் கடிதம் பெட்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் கறையோடு வந்து சேர்ந்தது. அம்மா நலம். மாடிப்படி ஏறாதே என்றால், 'நீ வந்து துணி காயப் போடு' என்கிறாள். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கலையை நீயும் கொஞ்சம் பழகிக்கொள்.

உன்னை நான் தினமும் பார்க்கிறேன், அது தெரியுமா உனக்கு? உன் கால் பெருவிரல் பச்சைத் துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. அதை ஒவ்வொரு ஃப்ரேமாக அழித்துக்கொண்டிருப்பது உன் சொந்த அக்காதான். தயவுசெய்து தைத்துப் போட்டுக்கொள்.

பாப்பாவின் பார்வையைப் பற்றி எழுதியிருந்தாய். அது பழைய கதை. முதல் படத்திலும் அப்படித்தான். எடுத்து முடித்து ஆபீசுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை. நான்தான் ஒரு வேலை செய்தேன். பந்து இருந்த இடத்தை விட்டுவிட்டு, அவள் எங்கே பார்த்தாளோ அங்கே தும்மனை வரைந்தேன். படம் வந்ததும் ஊரெல்லாம் ஒரே பேச்சு, 'அந்தக் குழந்தை நிஜமாகவே அதைப் பார்க்கிறது' என்று. இன்று நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதற்காகக் கொடுத்ததுதான். ஆகவே கவலைப்படாதே. அவள் எங்கே பார்த்தாலும் பின்னால் வரைந்துகொள்ள நான் இருக்கிறேன்.

இன்னொரு ரகசியம். தும்மன் தும்மும்போது முகம் போகிற போக்கு, காது இரண்டும் பின்னால் மடங்குவது, எல்லாம் உன்னுடையது. நீ தும்மினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்குமே, அதை நினைத்துத்தான் வரைந்தேன். தும்மல் சத்தத்துக்கு ஆள் தேடியபோது உன்னைச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

தம்பி, நீ உண்மையைப் பேசிப் பேசி விட்டுவந்த இடங்கள் போதும். காலேஜில் வாத்தியாரிடம், கடையில் முதலாளியிடம். இந்த வேலைக்கு உனக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே எது சரியாகப் படாவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நில். கடைசிக் காட்சி முடிந்ததும் கிளம்பிவிடலாம்.

அப்பா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது வேறு மாதிரி மடித்திருந்தது.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

பெருவிரல் ஓட்டையத் தச்சுட்டேன். இனி நிம்மதியாத் தூங்கு. ஆனா இந்த லெட்டரப் படிச்சா தூங்க மாட்ட.

பாப்பா எங்கூடப் பேச ஆரம்பிச்சுட்டா. மத்தவங்ககிட்ட வசனம் மட்டும்தான் பேசுவா. சாப்பாட்டு நேரத்துல தலைத்துணியக் கழட்டிட்டு செட்டுப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். வந்து உக்காந்தா. நடுவுல ஒரு ஆளு உக்கார எடம் விட்டு உக்காந்தா. யாருக்குன்னு நான் கேக்கல.

'நீங்க மட்டும்தான் அவன இன்னும் தும்ம வைக்கல'ன்னா.

'மத்தவங்க எல்லாம் வச்சுட்டாங்களா?'

'டைரக்டர் அங்கிள் பேச ஆரம்பிச்சாலே மூக்க உறிஞ்சுவான். அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்னு அம்மா சொல்றப்பல்லாம் தும்முவான். ஹீரோ அங்கிள் என்னத் தன் பொண்ணு மாதிரின்னு சொன்னாருல்ல, அன்னிக்கு இவனுக்கு சளியே பிடிச்சிருச்சு.'

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அவளும் சிரிச்சா. சிரிச்சா வேற புள்ளையா இருக்கா. அந்த தைரியத்துல கேட்டுட்டேன், 'என் பந்த ஏன் பாக்கவே மாட்டேங்கற?'

'அவன் அங்க இல்லயே.'

'உனக்கு எப்படித் தெரியும்?'

என்ன ஒரு மக்கப் பாக்கற மாதிரி பாத்தா. 'நான் சின்னதா இருக்கறப்ப எல்லாரும் பந்தப் பாரு, பந்தப் பாருன்னாங்க. அவன் பக்கத்துல நின்னுட்டிருந்தான், நான் அவனத்தான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் தியேட்டர்ல போய்ப் பாத்தா, நான் பாத்த எடத்துலயே நிக்கறான். பந்து இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அவன் இல்லன்னா அது எப்படி?'

அக்கா, நான் வாயத் தெறந்தேன். மூடிட்டேன். உனக்காக மூடினேன், குறிச்சு வச்சுக்க. ஆனா அவளுக்கு நம்பிக்க குடுத்தது டைரக்டரும் இல்ல, நாற்காலியும் இல்ல. நீ.

இப்ப கடைசி சீனுக்கு வா. இடிஞ்ச கோபுரத்து மேலருந்து பாப்பா குதிக்கணும், இதுவரைக்கும் பறக்கத் தெரியாத தும்மன் மொத தடவயாப் பறந்து வந்து முதுகுல ஏந்தணும். ரெண்டாம் படம்னா எல்லாம் ரெண்டு மடங்கு இருக்கணுமாம், ரோமம் ரெண்டு மடங்கு, தும்மல் ரெண்டு மடங்கு. அவ குதிக்கற மேடையும் ஒரு மாடி ஒசரத்துக்குக் கட்டி வச்சிருக்காங்க. கீழ பச்ச மெத்த, பந்துக்கு நேர் கீழ. மெத்தைக்கு இடது பக்கம் படிக்கட்டு. அட்டையில செஞ்சது இல்ல, நெஜக் கல்லு. நான் உக்காந்து சாப்பிட்டது அதுலதான், குளுகுளுன்னு இருந்துச்சு.

டைரக்டர் கயிறு வேணாங்கறாரு. கயிறு கட்டினா ஒடம்புக்குத் தெரிஞ்சுருமாம், குதிக்கறதுல உயிர் இருக்காதாம். ஒத்திகையும் கெடையாது. மேகத்துக்காகக் கீழ புகை விடறாங்க, மேலருந்து பாத்தா மெத்தையும் தெரியாது, கல்லும் தெரியாது. மெத்தன்னு ஒண்ணு இருக்கறதயே அவகிட்ட சொல்லக்கூடாது. 'தும்மன் மேல குதிம்மா', அவ்வளவுதான்.

அவளுக்குத் தும்மன் எங்க இருக்கான்? பந்துக்கு இடது பக்கம். கல்லு மேல.

ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட போனேன். நல்லவருதான், ஆனா தோள்பட்டையத் தூக்கிட்டாரு. 'தம்பி, ஆபீஸ்லருந்து வர்ற வரைபடத்துல மெத்த எங்க இருக்கோ அங்கதான் போடுவேன். வரைபடத்த மாத்தச் சொல்லு, அர நிமிஷத்துல இழுத்துப் போட்டுடறேன்'னாரு. ரெண்டு பக்கமும் போடுங்கண்ணேன்னேன். 'படிக்கட்டு படத்துல தெரியணும்ப்பா'ன்னுட்டாரு. டைரக்டர்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். தும்மனோட நாற்காலியப் பாத்துக்கிட்டே, 'அவன் பாத்துப்பான்'னாரு. சிரிக்காமச் சொன்னாரு.

வரைபடம் போடறது நீ. மாத்து.

நேத்து மத்தியானம் மேடையில யாருமில்ல, பாப்பா மட்டும் நுனியில நின்னு கீழ எட்டிப் பாத்துட்டிருந்தா. கல்லப் பாத்துக் கையாட்டினா. அப்புறம் தலைய ஆட்டினா, யாரோ எதையோ சொன்ன மாதிரி.

இதுக்கு சிரிக்காத. இப்பல்லாம் நானும் அந்த எடத்த சுத்திக்கிட்டுத்தான் போறேன். காலு தானாத் திரும்புது.

ஓட்டவாயன்


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கோபம் வந்தது. யார் மேல் என்று சரியாகத் தெரியவில்லை, இப்போதைக்கு உன் மேல் வைத்துக்கொள்கிறேன்.

என்னால் மாற்ற முடியாது. கடைசிக் காட்சியின் வரைபடம் எல்லார் கையெழுத்தும் ஆகி முடிந்துவிட்டது. தும்மன் எந்தப் பக்கமிருந்து வருகிறான், றெக்கை எங்கே விரிகிறது, எல்லாம் வரைந்து பாதி நிறம்கூட ஏற்றியாகிவிட்டது. இங்கே பத்துப் பேர் கண்விழித்துச் செய்த வேலை. அதைக் கலைக்கச் சொல்லி, வெண்டைக்காய் வேஷம் போட்ட என் தம்பி எழுதியிருக்கிறான் என்று நான் போய் நிற்க முடியுமா?

மெத்தை நீ நினைப்பதைவிட அகலம். ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கல்லும் மெத்தையும் தெரியாதா? குழந்தைகள் நம்புவது போலவும் இருப்பார்கள், நம்பாதது போலவும் இருப்பார்கள். நீ சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஆள் இருக்கிறான் என்பாய், ஆனால் பந்து உருண்டு போனால் உள்ளே போய் எடுத்து வருவாய்.

அவளிடம் எதையும் உளறாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் வேலை போனால் என் பெயரும் சேர்ந்து போகும்.

அம்மா உன்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னாள்.

அக்கா


மார்ச் 27

தம்பி,

இது பெட்டியோடு வரவில்லை. புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு வண்டி நாளைக் காலை தனியாக வருகிறது. கடைசிக் காட்சி நாளைக்கே என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரரிடம் கைமேல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன கடிதத்தை அனுப்பிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று பாப்பாவின் ஒரு காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவள் காற்றில் எதையோ தடவிக்கொடுக்கிறாள். கை ஓர் இடத்தில் அழுந்தி நிற்கிறது, விரல்கள் விரிகின்றன. அந்த விரல்களுக்கு நடுவில்தான் நான் ரோமம் வரையப்போகிறேன். அப்போது எனக்கு விளங்கியது. அவள் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறாள். பின்னாலேயே வந்து, 'ஆமாம், இருக்கிறது, இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருப்பவள் நான். இந்த முறை அவள் குதித்த பிறகுதான் என் கைக்கு வருவாள்.

அப்பாவும் ஒரு காரணம். உன் கடிதத்தை நான் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் படித்திருக்கிறார். சாப்பிடும்போது திடீரென்று சொன்னார்: "அவன் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அவன்கிட்ட எனக்கு ஆகாததே அதுதான். நீ போய் அந்த மெத்தைய மாத்து."

மாற்றிவிட்டேன். தும்மன் வருகிற பக்கத்தைத் தொட டைரக்டர் விடமாட்டார் என்று தெரியும், அதனால் அவனையும் பந்தையும் அப்படியே விட்டுவிட்டேன். மெத்தையை மட்டும் எடுத்துப் படிக்கட்டின் மேல் போட்டிருக்கிறேன். ஃபோனில் டைரக்டரிடம் ஒரு பொய் சொன்னேன். 'தும்மனுடைய நிழல் நிஜத் தரையில் விழுந்தால்தான் கனம் தெரியும், பந்துக்குக் கீழே வெறும் தரை வேண்டும். படிக்கட்டை மெத்தை மறைத்தால் பரவாயில்லை, அதை நான் பிறகு வரைந்துகொள்கிறேன்' என்றேன். நிழல் என்றதும் மயங்கிவிட்டார். கயிற்றைப் பற்றியும் பேசினேன், அதற்கு மட்டும் மசியவில்லை.

அவள் இதுவரை ஒரு முறைகூடப் பந்தைப் பார்த்ததில்லை. இரண்டு படத்தையும் தேடிப் பார்த்துவிட்டேன். எப்போதும் போல இடது பக்கம் பார்த்துக் குதித்தால் நேராக மெத்தையில்தான் விழுவாள். நீ ஒன்றுமே செய்யாதே. அவளை அவள் போக்கில் விட்டுவிடு. அது போதும்.

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வா. கதவை யார் திறப்பார் என்று சொல்லமாட்டேன்.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

சரி, நீ முடியாதுன்னுட்ட. கோவம் இருந்துச்சு, போயிருச்சு. நானே பாத்துக்கிட்டேன். அதச் சொல்லத்தான் உக்காந்தேன்.

மேக்கப் ரூம்லருந்து எழுதறேன். கடைசி சீன் இன்னிக்குத்தான். வெண்டக்காவுக்கு லீவு. பாப்பாவோட ரொம்பப் பேசறேன்னு மேனேஜர் மோப்பம் பிடிச்சுட்டாரு. 'இன்னிக்கு ஃப்ளோர்ல கால வச்ச, பெட்டியோட பெட்டியா உன்னையும் ஏத்தி விட்டுருவேன்'னாரு. எனக்குப் பதிலா பந்தக் கயித்துல கட்டி மேலருந்து தொங்க விட்டிருக்காங்க. காலையில எட்டிப் பாத்தேன், தூக்குல தொங்கற தல மாதிரி இருந்துச்சு.

நடந்தது இதான். ரெண்டு நாள் முன்னாடி படிக்கட்டுல உக்காந்து அவகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். திட்டிக்க. 'தும்மன் இல்ல பாப்பா, எங்கக்கா வரையறா, நீ பாத்த எடத்துல அவதான் வச்சா'ன்னு அப்படியே சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. அழல. என் இடது தோளுக்கு மேல எங்கயோ பாத்தா. அப்புறம் ரொம்ப வருத்தமா சொன்னா, 'அண்ணா, அவன் தும்மிட்டான். மொத தடவயா உங்களுக்குத் தும்மிட்டான்.'

எந்திரிச்சுப் போயிட்டா. பொறந்ததுலருந்து ஒருத்தரும் என்னப் பொய்யன்னு சொன்னதில்ல. உண்மையச் சொன்னதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மறுநாள் பூரா எம்பக்கமே திரும்பல. அந்த மேடையில ஏறி நின்னு குதிக்கற எடத்த அளந்துட்டிருந்தா. கல்லு மேல. சாயங்காலம் வண்டிக்காகக் காத்திருந்தா, பக்கத்துல போய் உக்காந்தேன். நானும் நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விட்டேன்.

'நேத்து நான் சொன்னது பொய்தான்'னேன். 'ஆனா தும்மன் எங்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சிருக்கான். பறக்கறது அவனுக்குப் புதுசாம், பயமா இருக்காம். அதனால நாளைக்கு மட்டும் பந்து இருக்கற எடத்துல வந்து நிக்கறானாம். நீ பந்தப் பாத்துத்தான் குதிக்கணுமாம்.'

சொல்லிட்டு மூச்சப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவ தலையச் சாச்சுக் காது குடுத்தா. ரொம்ப நேரம். எங்கயோ ஒரு கதவு அடிச்சுது, அவ்வளவுதான்.

'அவன் தும்மல'ன்னா. மொகமெல்லாம் சிரிப்பு. 'சரிண்ணா, பந்தப் பாத்தே குதிக்கறேன்'னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணா. 'திரும்பித் தும்மினான்னா மட்டும் மாட்டேன், பழைய எடத்துக்கே குதிப்பேன்'னும் சொன்னா. கெட்டிக்காரி.

பாத்தியா, என் வாழ்க்கையில சொன்ன மொதப் பொய், ஒரு தும்மல் இல்லாமப் போயிருச்சு. மெத்த பந்துக்குக் கீழ, பாப்பா பந்துக்கு. சோலி முடிஞ்சுது. அப்பாகிட்ட சொல்லு, அவரு புள்ள தேறிட்டான்.

ஃப்ளோர்ல காலையிலருந்து ஒரே சத்தம். எதையோ இழுக்கறாங்க. ஸ்டண்ட் மாஸ்டர் 'இடது, இன்னும் இடது'ன்னு கத்திட்டிருந்தாரு. லைட்ட மாத்தறாங்க போல. புகை விட ஆரம்பிச்சுட்டாங்க, கதவிடுக்கு வழியா இங்க வரைக்கும் வருது.

இரு. வண்டிக்கார அண்ணன் கதவத் தட்டறாரு. மேனேஜர் ஆபீஸ் பேப்பர மட்டும் வாங்கிக்கிட்டு அவர கேட்லயே நிறுத்தி வச்சு இப்பத்தான் உள்ள விட்டாராம். உன் லெட்டர் இருக்காம். படிச்சுட்டு மிச்சத்த எழுதறேன்.

அக்கா.

அது லைட்டு இல்ல. மெத்த.

பந்துக்குக் கீழ வெறும் தரைன்னு எழுதியிருக்க. அவ பந்தப் பாத்துத்தான் குதிப்பா. எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கா.

மைக்ல சொல்றாங்க, பாப்பா மேல ஏறியாச்சாம். கதவுக்கு மேல சிவப்பு லைட் போட்டாச்சு. நிறுத்துன்னு கத்தினா நிக்க மாட்டா, இங்க ஆளாளுக்கு நிறுத்து, நிறுத்துன்னு கத்திக்கிட்டேதான் இருக்காங்க. அவ காது குடுக்கறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான்.

இந்த லெட்டர அண்ணன் கையிலயே குடுத்துடறேன். மேக்கப் பவுடர் டப்பா தெறந்திருக்கு. ஒரு பிடி அள்ளிட்டேன். நான் சொன்னது பொய்யின்னு அவளுக்குத் தெரியணும், பக்கத்து வீட்டு நாய்க்குக் கேக்கற மாதிரி தெரியணும். தும்மல் வரலன்னா என்ன பண்றதுன்னு தெரியல.

நான் போகணும்